சான்றிதழில் இல்லாத சோதனை

ஆக்சிஜன் மெஷினைக்கூட ரிப்பேர் பார்த்துவிடலாம், அதன் பேட்டரியைப் புரிந்துகொள்ளத்தான் ஒரு ஜென்மம் போதாது. காளவாசல் சர்வீஸ் சென்டரில் தினமும் மண்டையைச் சொறிபவன் சொல்கிறேன். சர்வீஸ் வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்காவது ஏதாவது விளங்குகிறதா?

மூன்று பொட்டு

எழுமலை ஊர்க்காரர் பாண்டி அண்ணனின் மனைவி செல்வி அக்காவுக்கு நுரையீரல் கோளாறு. தோளில் மாட்டும் ஆக்சிஜன் மெஷினோடுதான் மதுரைக்குச் செக்கப் வருவார். பஸ்ஸில் அவருக்கு பேட்டரிதான் மூச்சு.

ஆயுத பூஜைக்கு மறுநாள், சார்ஜ் ஏறவில்லை என்று அண்ணன் மெஷினைத் தூக்கிவந்தார். சார்ஜரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், கம்பெனிக்குப் போன் போட்டேன். முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்பது என் வழக்கம். பேட்டரியைக் கழற்றினால், சார்ஜ் ஏறும் மூன்று தகட்டிலும் சந்தனம் காய்ந்து கிடக்கிறது, மேலே குங்குமம் வேறு. ஏண்ணே இப்படி என்றேன்.

“மெசினுக்கு மட்டும் பொட்டு வச்சா, உள்ள இருக்கிற பேட்டரி என்ன பாவம் பண்ணுச்சு தம்பி?”

அஞ்சு மணி நேரம்

சில மாதத்தில் அந்த பேட்டரி உப்பிவிட்டது. இனி போடவே கூடாது என்றேன். புதியது கேட்டுக் கம்பெனிக்கு எழுதினால், தீப்பிடிக்கும் லித்தியம் என்பதால் ஏகப்பட்ட காகிதம், லாரியில்தான் வரும், பத்து நாள் ஆகும் என்றார்கள். செக்கப்போ நான்காம் நாள். பழைய பேட்டரியை நான் வாங்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

அண்ணன் அதைத் திருநகரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு பேட்டரி கட்டும் ஒருவரிடம் கொடுத்து, உள்ளே வேறு செல் போட்டு வாங்கிவிட்டார். இது எந்தச் சோதனையும் பாஸாகாதது என்று கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

“கம்பெனி பேட்டரி மூணு மணி நேரம் நின்னுச்சு, இது அஞ்சு மணி நேரம் நிக்குது. எது பாஸு, எது பெயிலு, நீங்களே சொல்லுங்க.”

நடுவழியில்

செக்கப் முடிந்து திரும்பும் பஸ்ஸில் செல்வி அக்காவின் இடுப்பில் மெஷின் கொதித்தது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் பொறி பட்டால் என்ன ஆகும் என்று நான் எப்போதோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது. தானே மெஷினை அணைத்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, அண்ணனைவிட்டு பேட்டரியைக் கழற்றி ரோட்டோர மண்ணில் போட வைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

புது பேட்டரி வந்ததும் நானே எழுமலைக்குக் கொண்டுபோனேன். அதோடு வந்த சோதனைச் சான்றிதழை விரித்து, கீழே போட்டது, சூடாக்கியது, நசுக்கியது என்று சோதனைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னையே பார்த்தார்.

“இம்புட்டும் சோதிச்சாக, சரி. பேட்டரி வார வரைக்கும் பத்து நாளு எப்படி மூச்சு விடுறதுன்னு யாராச்சும் சோதிச்சாகளா தம்பி?”

எங்கள் தொழில் எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்றால், அக்காவின் கேள்வியை அப்படியே கம்பெனிக்கு எழுதினேன், பேட்டரியின் வரிசை எண்ணைக் கேட்டுப் பதில் வந்திருக்கிறது.