ஒரு வெள்ளி வைத்தியம்

எங்கள் வீட்டில் அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதென்றால் அது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில்தான். மற்ற நாட்களில் நான் கண் விழிப்பதற்குள் அவர் மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். அதனால் ஆறு வயதில் எனக்கு நிமோனியா வந்தபோது அதை நான் நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் வெறும் சளி என்றுதான் நினைத்தார்கள். தனியார் கிளினிக்கில் மாற்றி மாற்றி மருந்து வாங்கியதில் அம்மாவின் கைப்பைதான் இளைத்தது, என் இருமல் இளைக்கவில்லை. பிறகு அரசாங்கக் கிளினிக்கில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வார்டில் சேர்க்கத் தேவையில்லை, ஆனால் குணமாகும்வரை தினமும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். ஒரே ஒரு வெள்ளிக் கட்டணத்தில் வைத்தியம், இந்த நாட்டில் பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். கவுண்டரில் அதற்கு மேல் யாரும் எங்களிடம் கேட்டதே இல்லை.

யார் கூட்டிப்போவது என்பதில்தான் சிக்கல். அம்மா பாசீர் கூடாங் தொழிற்சாலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார், லீவு எடுத்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அப்பா கிடங்கில் பழைய ஆள், சூப்பர்வைசரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

தினமும் பேசினார். என் எண்ணைக் கூப்பிடும்வரை காத்திருக்கும் நேரத்தில் வெளியே போய், போனில், கண்ணெதிரே இல்லாத சூப்பர்வைசருக்கு முதுகை வளைத்துக்கொண்டு, "அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லா. பிள்ளைக்கு மூச்சு வாங்குது" என்பார். மறுநாளும் அதே ஒரு நாள்தான். பிறகு என்னை மடியில் வைத்துக்கொண்டு, மருந்துப் புகை வரும் முகமூடியை என் மூக்கில் பிடித்துக்கொள்வார். அவர் மோவாய் என் தலையில் இருக்கும். அவ்வளவு நேரம் அந்த மடி எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. இன்று என் பிள்ளை இருமினால் மருந்து டப்பாவைத் தேடுவதற்கு முன் எனக்கு மீதி லீவு எவ்வளவு என்றுதான் யோசிக்கிறேன். அலுப்பாக இருக்கிறது.

கடைசியில் டாக்டர் நெஞ்சு சுத்தமாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்றார். எனக்கு அழுகை வந்தது. மோட்டாரில் ஏறும்போது, "நாளைக்கு வேலைக்குப் போயிடுவீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. இனிமே அப்பா வீட்லதான்."

அன்று சாயங்காலம் குடும்பச் செபம். எங்கள் வீட்டு வழக்கப்படி ஒவ்வொருவரும் ஒரு நன்றியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். நான் குணமானதற்கு அம்மா நன்றி சொன்னார். அப்பாவும் அதையே சொன்னார். என் முறை வந்தது.

"சேசுவே, அப்பாவை வேலைக்குப் போக விடாம எங்களுக்கே குடுத்திட்டீங்க. நன்றி."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தாகம் போல என்று நினைத்தேன். அப்பா மட்டும் சற்றுத் தாமதமாக ஆமென் என்றார். அது மெதுவாக இருந்ததால், சாமிக்குக் கேட்டிருக்காது, சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன்.

அப்பா சத்தமாகச் சொன்னார்.