பாதிரி பங்களாவில் நான் உடைத்த பரங்கிக்காய்கள்

வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் தோல் வியாபாரம் செய்கிறவர்களில், நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நாற்காலி போடாதவர் இன்றைக்கு யாரும் கிடையாது. என் படிப்பு ரெண்டாங்கிளாசு. அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். அப்படியும் சொந்தமாகத் தோல் ஷாப்பு, பாலாற்றங்கரையில் தொட்டிகள், மச்சு வீடு எல்லாம் இருக்கிறது. இதையெல்லாம் எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்கிறவர்கள் ஜாஸ்தி. பெண்டாட்டியை எப்படிச் சம்பாதித்தாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதுதான் கஷ்டமான வியாபாரம்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டை சுமந்து மேலே வந்தவன். தொட்டியில் கையை விட்டுத் தோலைத் தடவினாலே பதம் சொல்லிவிடுவேன். என்னைப்போல் சொல்ல அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. நான் சொல்லவில்லை, சாயபுவே சொல்லுவார்.

பெண் வேலூரில் இருந்தாள். அமெரிக்கப் பாதிரியின் பங்களாவில் சமையல் பார்த்த பட்லரின் மகள். வேலூர் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் ஒரு கோழிக்காக என்னோடு போட்டி போட்டு, நான் விடமாட்டேன் என்று தெரிந்துகொண்டே விலையை ஏற்றிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டு ஒதுங்கியவள். கோழியோடு வீட்டுக்கு வந்தேன். மனசு ஏலத்திலேயே நின்றுவிட்டது.

பட்லரிடம் போய் நேராகவே கேட்டேன். மனுஷன் தள்ளி நின்றே பேசினார்.

"தம்பி, நீ நல்ல பையன்தான். ஒழைப்பாளி. ஆனா உன் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ண முடியலியே. மூக்கைப் புடிச்சிக்கினுதான் ஆமென் சொல்ல வேண்டியிருக்கு."

"தோல் வாசனை சோறு போடுற வாசனை மாமா."

"மாமான்னு அதுக்குள்ள கூப்பிடாதே. எம்பொண்ணைப் படிக்க வச்சது பாதிரி துரை சம்சாரம், துரைசானி. அவங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம். அக்டோபர் மாசக் கடைசித் தேதி சாயங்காலம் வா. அன்னிக்கி அவங்க குஷியா இருப்பாங்க."

என்ன குஷி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். சாயபு தம் அலமாரியைத் திறந்து அத்தர் எடுத்து என் கழுத்தில் தடவினார். போதாது என்று நான் இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டேன். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி ஜட்கா ஏறினால், குதிரையே ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. கூட ஏறிய அம்மாள் ஒருத்தி, ரோமன் கத்தோலிக்கர், மடியில் மெழுகுவத்திக் கட்டு வைத்திருந்தாள். கல்லறைத் திருநாள் வருகிறதாம், செத்துப்போன வீட்டுக்காரருக்கு ஏற்ற வேண்டுமாம். வழியெல்லாம் செத்தவர்கள் கதைதான். ஆகவே நான் பங்களா வாசலில் இறங்கினபோது என் மனசு ஏற்கெனவே ஒரு தினுசாய் இருந்தது என்பதைப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரம். கேட்டின் ரெண்டு தூண்மேலும் ஆளுக்கொரு பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது. கண் தோண்டி, மூக்குத் தோண்டி, பல் பல்லாய் அறுத்து, உள்ளே மெழுகுவத்தி எரிகிறது.

பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. இது நமக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் ஷாப்பில் அமாவாசைக்கு அமாவாசை திருஷ்டி கழிக்கிறவன் நான்தான். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், அந்த வேலை செய்யக்கூடாது, கோயிலுக்குத் தெரிந்தால் பேஜார். ஆனால் கூலிக்காரர்களெல்லாம் மேஸ்திரி கை ராசியான கை என்று என்னிடமே கொடுப்பார்கள். சாம்பல் பூசணியில் கண்ணும் பல்லும் எழுதி, மேலே சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, நடுரோட்டில் ஓங்கிப் போட்டு உடைக்க வேண்டும். சூடம் அணைவதற்குள் உடைக்காமல் விட்டால் கண்ணேறு அத்தனையும் திரும்ப வீட்டுக்குள்ளேயே போய்விடும். வெள்ளைக்காரர்கள் ஆனதால் காயை மாற்றி வாங்கிவிட்டார்கள், சூடத்துக்குப் பதில் மெழுகுவத்தி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மற்றபடி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பங்களா காவல்காரக் கிழவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில், நெற்றி நிறைய விபூதியோடு குந்தியிருந்தார்.

"இன்னா தாத்தா, கேட்டை விட்டுட்டு இங்க குந்திக்கினு இருக்கே?"

"இன்னிக்கி ஒரு நாள் நான் இப்பால இருந்துதான் காவல். மாசி மாசம் மயானக் கொள்ளைக்கி சுடுகாட்டுல காளி வேசம் கட்டுனவன்தான் நானு. அது சாமி. இது இன்னான்னே தெர்ல."

"யாரு சுத்திப் போட்டது?"

"துரைசானியே கையால அறுத்தது. வருசா வருசம் வைக்கிறாங்க. ஒடைக்கிறதே இல்ல."

"ஒடைக்காம?"

"மறுநா பட்லரு சாம்பார் வச்சிடுறாரு."

திருஷ்டிக் காயில் சாம்பார்! நான் கட்டிக்கொள்ளப்போகிறவள் வருஷா வருஷம் ஊர்க் கண்ணையெல்லாம் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்! மெழுகுவத்தி வேறே அணைகிற மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை. ஒன்றைத் தூக்கினேன், பங்களாவைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினேன், ரோட்டில் போட்டேன். நல்ல சத்தம். ரெண்டாவது அதைவிட நல்ல சத்தம்.

சத்தம் கேட்டு பங்களாவுக்குள்ளிருந்து நாலைந்து வெள்ளை உருவங்கள் ஓடி வந்தன. தலையுமில்லை, காலுமில்லை. ஊளையிட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்தன. வேறொருவனாக இருந்தால் காட்பாடி போய்த்தான் நின்றிருப்பான். நான் நின்றேன். பேய்க்குச் செருப்பு ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். என் காலில் இருந்ததோ நானே பதம் போட்ட தோல், அசல் சரக்கு. கழற்றிக் கையில் ஓங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பு அங்கியும் கூம்புத் தொப்பியுமாக ஒரு அம்மாள் நீட்டுத் துடைப்பத்தோடு வெளியே வந்தாள். எனக்கு உயிர் வந்தது. துடைப்பமும் பேய்க்கு ஆகாதல்லவா? விவரம் தெரிந்த அம்மாள் என்று நினைத்து,

"வாங்கம்மா! நீங்க அந்தப் பக்கம் மடக்குங்க, இந்தப் பக்கம் நான் பாத்துக்குறேன்!" என்று கத்தினேன்.

சமையல்கட்டிலிருந்து பட்லர் கையில் கரண்டியோடு ஓடி வந்தார். அன்றைக்கு முழுக்க அவர் கதவைச் சாத்திக்கொண்டு வேதப்புத்தகச் சங்கீதங்களைப் பாடிக்கொண்டிருந்தாராம். இது சாத்தான் பண்டிகை என்பது அவர் கட்சி.

"ஐயையோ, செருப்பைக் கீழ போடுய்யா! அதுங்க துரை புள்ளைங்க! இவங்கதான் துரைசானி!"

பேய்கள் போர்வையை விலக்கின. உள்ளே பார்த்தால் சின்னச் சின்ன வெள்ளைக்காரப் பிள்ளைகள். நான் செருப்பை மெதுவாகக் காலில் மாட்டிக்கொண்டேன். பயந்து அல்ல. மரியாதைக்கு.

துரைசானி தொப்பியைக் கழற்றினாள். வேதப்புத்தகத்தில் இருக்கிற தமிழைத்தான் அவள் பேசுவாள்.

"நீர் ஏன் இவ்விதம் செய்தீர்?"

"திருஷ்டி தாயே. ஒடைக்காம வுட்டா வீட்டுக்கு ஆகாது."

"இது எங்கள் தேசத்தில் பிள்ளைகள் பேய் வேஷம் தரித்து விளையாடும் இராத்திரி. இந்த வீட்டில் திருஷ்டி கிடையாது, பேய் கிடையாது. நாங்கள் அவைகளை நம்புகிறதில்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தாழ்வாரத்தில் காகிதத்தில் வெட்டின எலும்புக்கூடு தொங்குகிறது. கறுப்புப் பூனை தொங்குகிறது. அதற்கு நடுவே பாதிரி துரை, வாராவாரம் மூடநம்பிக்கை ஒழிக என்று பிரசங்கம் செய்கிற அதே துரை, பழங்கள் மிதக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு, வாயில் ஒரு கொய்யாப்பழத்தைக் கவ்விக்கொண்டு, சொட்டச் சொட்ட எழுந்து நிற்கிறார்.

"நம்பாமலேயா தாயே இவ்ளோ?" என்றேன்.

துரை ஏதோ சொல்ல வந்தார், பழம் விடவில்லை. துரைசானி பட்லர் பக்கம் திரும்பினாள்.

"பட்லர், இந்த மனுஷன் யார்?"

பட்லர் என்னைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். "யாரோ வழிப்போக்கன் போலம்மா. நான் பாத்ததே இல்ல."

என் கல்யாணம் அந்த ரோட்டில் பரங்கி விதையோடு சிதறிக் கிடந்தது. அத்தரும் வியர்வையும் சேர்ந்து எனக்கே என் வாசனை தாங்கவில்லை. திரும்பி நடக்கலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போது சமையல்கட்டு வாசலில் குரல் கேட்டது.

"இன்னாப்பா, வாய் கூசாம பொய் சொல்றே? கோழி ஏலம் எடுத்தவரு இவருதான்மா. என்னைப் பொண்ணு கேட்டு வந்தவரு."

துரைசானி அவளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இவரா? உனக்கு இவர்மேல் பிரியம் உண்டோ?"

பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டில் உடைந்து கிடந்ததைத்தான் பார்த்தாள், சாமி தரிசனம் மாதிரி.

"அம்மா, நீங்க வருசா வருசம் இந்த ஆட்டம் ஆடி முடிச்சதும் எங்கப்பா ஒரு வாரத்துக்கு எங்களுக்குப் பரங்கிக்காயே போடுறாரு. சாம்பாரும் அதான், கூட்டும் அதான், அல்வாவும் அதான். வேணாம்னு சொன்னா, கர்த்தர் குடுத்ததை வீசக்கூடாதுன்றாரு. நானும் ஜெபம் பண்ணிப் பாத்தேன், இத்தனை வருசமா ஒண்ணும் நடக்கல. இவரு வந்தாரு, ரெண்டை ஒடைச்சாரு. தாழ்வாரத்துல இன்னும் அஞ்சு இருக்கு. அதையும் ஒடைக்கட்டும், எனக்குச் சம்மதம்."

கடைசிப் பேய், எல்லாவற்றிலும் சின்னது, என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. இங்கேயே பிறந்து ஆயா இடுப்பில் வளர்ந்த பிள்ளை, தாய்க்கு வராத தமிழ் அதற்கு வந்தது.

"மாமா, இன்னொரு தபா ஒடைங்க மாமா! டமார்னு!"

துரைசானி சிரிக்க ஆரம்பித்தாள். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். "எடுத்துக்கொள்ளும்," என்றாள். காயைச் சொன்னாளா, பெண்ணைச் சொன்னாளா என்று நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஐந்தையும் வரிசையாக உடைத்தேன். நாலாவதைப் பாதிரி துரையே, பழத்தைத் துப்பிவிட்டு வந்து, வாங்கிப் போட்டார். ஆனால் சுற்றத் தெரியவில்லை, நான்தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன். பட்லர் மட்டும், "ஒண்ணையாவது வுடுங்கப்பா, அல்வாவுக்கு," என்று கரண்டியோடு பின்னாலேயே நடந்தார்.

ஊருக்கு வந்து சாயபுவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேயை வீட்டுக்கே கூப்பிட்டு பழம் குடுக்கிறாங்களா? பைத்தியம். போயி தொட்டியைப் பாரு," என்றார். அவ்வளவுதான்.

துரையும் துரைசானியும் சீமைக்குத் திரும்புகிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். துரைசானி விளக்கேற்றுவாள், பிள்ளைகள் ஊளையிடும், கடைசியில் நான் உடைப்பேன். காவல்காரக் கிழவர் ரோட்டைத் தாண்டிக் கேட்டுக்கே வந்து நின்று பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டுக்குள் பரங்கிக்காய் வந்தது கிடையாது. எனக்கோ அது என்றால் உயிர். வேலூர் போனால் ஓட்டலில் பரங்கிக்காய் சாம்பாரை ஒரு பிடி பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, வெற்றிலை போட்டு, அத்தர் தடவித்தான் வீடு திரும்புவேன். பிரயோஜனமில்லை. இத்தனை வருஷத்தில் என் தோல் வாசனையை ஒரு நாளும் சொல்லிக்காட்டாதவள், பரங்கிக்காயை மட்டும் நான் ஜட்காவை விட்டு இறங்கும்போதே பிடித்துவிடுவாள்.