பனியன் வேஸ்ட் அடைத்த ஜன்னல்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, தொண்ணூற்றிரண்டில் என் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

என் கணவர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பொங்கல் கழிந்ததும் துணி விரிக்கத் தடுமாறினார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஈஸ்டருக்குள் எங்கள் வீட்டுக்கே வழி கேட்டார். கோயமுத்தூர் டாக்டர்கள், எங்கோ ஒருவருக்கு வரும் மூளை நோய், மருந்து கிடையாது, சில மாதம்தான் என்று கைவிரித்தார்கள். எனக்கு உலகமே இருண்டுவிட்டது.

சபையில் ஒருவர் சொல்லி, நல்லூரில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் ஓடினேன். சின்னச் சின்ன இனிப்பு மாத்திரை கொடுத்தார். காபி, வெங்காயம் ஆகாது, கடும் வாசனை பட்டால் மருந்தின் வேகம் போய்விடும் என்றார். எங்கள் தெருவிலோ எந்நேரமும் துணி வெளுக்கும் பட்டறைகளின் பிளீச்சிங் நெடி. ஜன்னலை மூடி, இடுக்கிலெல்லாம் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்தேன். ஜெபிக்க வந்த சபையாரைக்கூட, மல்லிகைப்பூ மணக்கிறது, பவுடர் மணக்கிறது என்று வாசலோடு அனுப்பினேன். சித்திரை வெயிலில் அந்த ஒற்றை அறைக்குள் இருவரும் வெந்தோம். அவருக்கு மோசமாகும்போதெல்லாம், எந்த வாசனையை உள்ளே விட்டேனோ என்று என்னையே பிடுங்கித் தின்றேன். "ஆண்டவரே, சுகம் தாரும். இல்லாவிட்டால் என்னை இதிலிருந்து விடுவியும்" என்று கதறினேன்.

மறுநாள் அந்த டாக்டரே வந்தார். சபையார் சொல்லிக் கேள்விப்பட்டாராம். அறையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளித்ததால் மருந்து கெட்டுவிட்டது என்று நான் முந்திக்கொண்டு புலம்பினேன்.

"இல்லீங்கம்மா. வாசனைல ஒன்னும் கெடலீங்க. இந்த நோவுக்கு எங்கிட்ட மருந்தே இல்லீங்க. மொதல்லயே சொல்லியிருக்கோணும். உங்க மேல தப்பே இல்லீங்க."

ஜன்னலை அவரே திறந்தார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. சாயங்காலம் சபையார் உள்ளே வந்து பாடினார்கள். நான் காபி போட்டு, விரலில் தொட்டு என் கணவர் நாக்கில் வைத்தேன். பேச்சே நின்றுபோயிருந்த மனிதர், "இன்னுங் கொஞ்சம்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஆடியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சுகம் கேட்டேன், கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் நான்தான் அவரைக் கொன்றேன் என்ற நினைப்பிலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்டார். இப்போது யார் வீட்டில் நோயாளி கிடந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன்.

பிரியமானவர்களே, தீராத வியாதிக்காரரை வைத்துக்கொண்டு, எல்லாம் என் தப்பு என்று தவிக்கிறீர்களா? ஆண்டவரிடம் அழுங்கள், அவர் கேட்கிறார். பிறகு, பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுங்கள். அவர் அனுப்புகிற பதில் அவர்களோடு வரலாம்.