ஏன் கூடாது என்று கேட்டால்

வாடகைக்கு அறை காட்டும் வேலை பார்த்தவர்களே, உங்களுக்கே தெரியும்: அறையைக் காட்டுவதைவிட வீட்டுக்காரர் போடும் சட்டங்களைச் சொல்லி முடிக்கத்தான் நேரம் ஆகும். பள்ளிக் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் முடித்த கையோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஏஜண்டிடம் இதற்குத்தான் சேர்ந்தேன். காப்பாரில் எங்கள் வீட்டில் நான் தம்பி தங்கையோடு ஹாலில் படுப்பவள். காட்டுகிற ஒவ்வொரு அறையும் எனக்கே வேண்டும் போலிருக்கும்.

பத்து மணி கேட்

பத்துக்கு மேல் கேட் திறக்காது என்றார் ஒரு வீட்டுக்கார ஆன்டி. அறை பார்க்க வந்திருந்த அக்கா நர்ஸ். ஷிஃப்ட் முடியவே பதினொன்றாகும். "சாவி கொடுத்தா அவங்களே சத்தமில்லாம வந்துடுவாங்க, ஏன் ஆன்டி கூடாது?" என்று கேட்டேன். ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காரணம் சொல்லிக்கிட்டு இருந்தா அது எப்படி ரூல்ஸ் லா?"

பூச்சோங் அங்கிள்

இந்தியர்களுக்கு வீடு தரமாட்டேன் என்றவரும் தமிழர்தான். "நீங்களே இந்தியர்தானே அங்கிள்?" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன்."

ஏர்கான் பில்

கிள்ளானில் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தார்கள். பெரிய அறையில் மட்டும்தான் ஏர்கான். அவர்களில் அதன்மேல் கண் வைத்திருந்த ஒருத்தி, பூச்சோங்காரி, பில்லை மூன்றாகப் பிரிப்போம் என்றாள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பெண் விடவில்லை. "யாருக்கு எந்த ரூம்னு தெரியறதுக்கு முன்னாடியே ரூல்ஸ் பேசிடுவோம். அப்புறம் சீட்டுக் குலுக்குவோம்."

தனக்குச் சமையலறைப் பக்கத்துச் சின்ன அறை விழுந்தால்? பூச்சோங்காரி சட்டென்று கட்சி மாறினாள்: ஏர்கான் போடுகிறவளே கட்டட்டும். எல்லோரும் சரி என்றார்கள். குலுக்கினால் பெரிய அறை அவளுக்கே விழுந்தது.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் லா."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் சின்ன அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சும்மா நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

எங்கள் வீடு

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். வேலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அறை, வாடகை என் சம்பளத்தில். "எதுக்கு?" என்றார். பையனா, அம்மாவோடு சண்டையா, சாப்பாடு பிடிக்கவில்லையா? எதுவுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

"சாத்திக்கிட்டு என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன்பா. நான் எதுக்குக் காரணம் சொல்லணும்? வேணாம்னா ஏன்னு நீங்க சொல்லுங்க."

அப்பா கோபப்படவில்லை. மோட்டார் சைக்கிள் துடைத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"காரணம் ஒண்ணும் கிடைக்கலம்மா. இருந்தாலும் வேணாம்."

கூடாது என்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிற வீடு இந்தப் பக்கம் எங்காவது காலியானால், வாடிக்கையாளர் யாருக்கும் காட்டாமல் நானே குடிபோய்விடுவேன்.