எட்டாம் ரூமின் ஐந்தாவது பெயர்

நாரணாபுரம் பட்டாசு ஆலையில் போர்மேன் காளிராஜ் யாரையும் லேசில் நம்பமாட்டார். டீக்கடையில்கூட கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். வெடிமருந்தோடு புழங்குகிறவருக்கு அந்தக் குணம் நல்லதுதான். வேலைக்கு வரும் பெண்களின் கொண்டையில் ஓர் ஊசி இருந்தாலும் கேட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லிவிடுவார். பதினாலு வருஷத்தில் அங்கே ஒரு விரல்கூடக் கருகியதில்லை.

அப்பேர்ப்பட்டவரின் உயிரை வாங்க வந்தது ஒரு ஆப். முன்பெல்லாம் எல்லாப் பெயரையும் ஒரே நோட்டில் எழுதினால் போதும். இப்போது தினமும் காலையில் கேட் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த ரூமில் யார் யார் என்று கம்பெனி போனில் ஏற்றி அனுப்பவேண்டும். சில நாள் போகும். சில நாள் ‘விவரம் தவறு’ என்று மொத்த லிஸ்ட்டும் திரும்பி வரும். என்ன தவறு, யார் பேரில் தவறு, ஒன்றும் இராது. மேனேஜர் வந்து தாளில் எழுதி ஆட்களை உள்ளே விடுவதற்குள் ஒரு மணி நேரம் வேலை கெடும். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு போர்மேன் வருவார் என்று அவர் சொல்லியேவிட்டார். வேறு போர்மேன் என்றால் மேனேஜரின் மச்சினன் வேலுச்சாமிதான். காளிராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அன்று மத்தியானமே விருதுநகருக்குப் பஸ் ஏறி, ஆப் செய்துகொடுத்த ஜாஸ்பின் முன்னால் போய் நின்றார்.

“ஆரு சொல்லி என் லிஸ்ட்ட மட்டும் அடிக்கிறீக?”

ஜாஸ்பின் கோபப்படவில்லை. எந்த வரியில் என்ன பிழை என்பது சர்வருக்குத் தெரியும், எல்லாப் பிழைக்கும் ஒரே பதிலை அனுப்பும்படி அவசரத்தில் எழுதியது தன் தப்புதான் என்றாள். இனி ரூம், பெயர், காரணம் மூன்றையும் தமிழிலேயே சொல்லும்படி மாற்றிவிடுவதாகச் சொன்னாள். தப்பை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே, இதிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே காளிராஜ் ஊர் திரும்பினார்.

மறுநாளும் லிஸ்ட் திரும்பி வந்தது. மேனேஜர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். காளிராஜ் படித்தார்.

‘எட்டாம் ரூம்: நாலு பேருக்குத்தான் அனுமதி. ஐந்தாவது பெயர்: பஞ்சம்மாள்.’

பஞ்சம்மாள் காளிராஜின் பெண்டாட்டி. உட்கார்ந்து மருந்து செலுத்துகிறவர்களைத்தான் அங்கே ஆளாக எண்ணுவார்கள். கூடவே நின்று எடுத்துக் கொடுக்கிற பஞ்சம்மாளை யாரும் சேர்ப்பதில்லை. எட்டாம் ரூம் சுவரில் ‘ஆள் 4’ என்று பெயிண்டில் எழுதியவரே காளிராஜ்தான். ஆள் குறைந்த ரூமில் அவள் நின்ற நாளெல்லாம் லிஸ்ட் போயிருக்கிறது. எட்டில் நின்ற நாளெல்லாம் திரும்பியிருக்கிறது. கொண்டை ஊசி தெரிந்த கண்ணுக்கு அதை வைத்திருந்தவள் தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

போனில் மட்டும் ரூமை மாற்றிவிட்டு ஆளை அங்கேயே நிறுத்து என்றார் மேனேஜர். வேலுச்சாமி வந்தால் வரட்டும் என்று காளிராஜ் எட்டாம் ரூமிலிருந்து பஞ்சம்மாள் பெயரை எடுத்தார். பிறகு கேட்டில் நின்ற பஞ்சம்மாளிடம் போனார்.

“எட்டுக்கு இனிமே நீ போக வேண்டாம். நாலு பேருக்கு மேல அங்கன இருக்கப்படாது.”

அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“பதினாலு வருசமா நானும் அந்த ரூமுக்குள்ளதான இருந்தேன்?”