போர்வைக்குள் ஒரு பிரேக்

காப்புரிமை விண்ணப்பத்துக்குப் படம் வரைகிற தொழிலில் பென்சிலைவிட வாயைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது பதிவுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டால், அது புதியதல்ல என்று உரிமையே போய்விடும். எதையாவது உருவாக்கிவிட்டுப் பயந்து கிடக்கும் உங்களுக்கு இது தெரியும். நான் பார்த்துப் பார்த்தே வரையக் கற்றவன். மனைவி இறந்த பிறகு, "இன்னிக்கு என்ன வரைஞ்சீங்க?" என்று கேட்க வீட்டில் ஆளில்லை. தொழிலுக்கு அது வசதி என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு மூலை மட்டும்

மர்பி டவுனில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அந்தோணி தள்ளுவண்டிக்கு ஒரு பிரேக் செய்திருந்தார். கைப்பிடியை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும். முன்பு கிரைண்டர் மூடிக்கு அவர் செய்த பூட்டைப் பழைய முதலாளி தன் பெயரில் விற்றுவிட்டார். அதனால் இந்த முறை பிரேக்கைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். என் ஜன்னலைச் சாத்திவிட்டு, போர்வையின் ஒரு மூலையைத் தூக்கினார்.

"சார், இந்த ஸ்பிரிங்கை வரைஞ்சு முடிச்சு மறந்துடுங்க. அப்புறமா அடுத்ததைக் காட்றேன்."

ஸ்டெல்லாவின் சந்தேகம்

அடுத்த வாரம் அவர் மனைவி ஸ்டெல்லா வந்தார். கணவர் அவரிடம்கூட மூச்சு விடவில்லையாம். ஷெட்டைப் பூட்டிக்கொள்கிறாராம், தெருவில் பைக் நின்றால் எட்டிப் பார்க்கிறாராம், சாப்பாடு இறங்கவில்லையாம். எனக்கு விஷயம் தெரியும், சொல்ல முடியாது. தப்பாக ஒன்றுமில்லை என்றேன். ஸ்டெல்லா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களும் அவரு மாதிரியே முழிக்கிறீங்களே அண்ணா. ரெண்டு பேரும் கள்ளநோட்டுதானே அடிக்கிறீங்க?"

வக்கீல் அம்மாவின் கேள்வி

விண்ணப்பம் பதிவாக வேண்டிய அன்று, அதைத் தாக்கல் செய்யும் வக்கீல் அம்மா அந்தோணியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இதை யாருக்காவது காட்டினீங்களா?"

அந்தோணியின் முகம் மலர்ந்தது. "ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையில ஃபாதர்கிட்ட மந்திரிக்க வச்சேன் மேடம். அந்தோணி கண்டுபிடிச்ச பிரேக்குன்னு ஃபாதர் மைக்லயே சொன்னாரு. நாளைக்கு எவன் திருடினாலும் கோயில் முழுக்க நமக்குச் சாட்சி."

அவர் சேர்த்த சாட்சிகளே அவர் உரிமையைப் பறித்துவிடுவார்கள். வக்கீல் அம்மா அதை எடுத்துச் சொன்னதும் அந்தோணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே இருக்கிறதை எத்தனை பேர் பார்த்தாங்க?" என்று வக்கீல் அம்மா கேட்டார்.

"போர்வையை எடுக்கவே இல்லை மேடம். அது மேலதான் தீர்த்தம் தெளிச்சாரு. மந்திரிச்சது உள்ளே இறங்கியிருக்குமான்னுதான் எனக்கு அன்னையிலேருந்து பயம்."

அன்றே விண்ணப்பம் பதிவாகி அந்தோணி நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். நான்தான் வரைந்த தாள்களை இன்னும் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிறேன், பார்க்க வீட்டில் ஆளில்லாவிட்டாலும்.