எல்லாருக்கும் ஒரே நம்பர்

பதுளை பஸாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், முதலாளி, நான். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கணக்குப் படித்தவர். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம் அது. நாங்கள் இணையத்தளம் செய்து கொடுத்தோம். எங்கள் வீட்டில் ஏ.எல். வரை படித்த முதல் ஆள் நான். ஆனாலும் என் வேலை என்னவென்று எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "டைப் அடிக்கிறான்" என்று அம்மா சொல்லி முடித்துவிடுவார்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாதி உதவியாளர் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனம் எங்களிடம் தளம் செய்திருந்தது. நேர்முகத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியலை அதில் போடுவார்கள். பட்டியல் வரும் பக்கத்தின் விலாசத்தை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து, விண்ணப்பித்த எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை, தளத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பக்கங்களையெல்லாம் வேறு பெயர்களில் மாற்றி அடுக்கினேன். பழைய விலாசத்தில் அதன்பிறகு ஒன்றுமில்லை. போனவர்களுக்கு இங்கிலீஷில் 'பக்கம் இல்லை' என்ற இரண்டு வரியும், மேலே பெரிதாக 404 என்ற இலக்கமும் வந்தன. அடியில் எங்கள் கந்தோரின் பெயரும் தெருவும் தமிழில், படமாக. அந்தப் பக்கத்தில் தமிழ் என்று இருந்தது அது மட்டும்தான்.

புதன்கிழமை ஒரு பையன் படியேறி வந்தான். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த இலக்கத்தைக் காட்டினான்.

"என் நம்பர் நானூத்தி நாலுங்க. யாரப் பாக்கணும்?"

பட்டியலைத் திறந்து காட்டினேன். பெயர் இருந்தது, நேர்முகம் மறுநாள். படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். முதலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எல்லாருக்கும் ஒரே நம்பர் குடுத்தது நாங்கள் மட்டும்தான் தம்பி. ஒருத்தருக்கும் குறை சொல்ல ஏலாது."

நானும் சிரித்தேன். எந்தக் கந்தோருக்குப் போனாலும் முதலில் கேட்பது நம்பர். ஆஸ்பத்திரித் துண்டில் நம்பர், அடையாள அட்டைக்குப் போட்டால் நம்பர். நம்பரை எழுதிக்கொண்டு வரச் சொல்லித்தான் எங்கள் ஆட்களைப் பழக்கியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனாலும் அன்று சிரித்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெரியவர் வந்தார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம். செருப்பைப் படியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்து, கொப்பித்தாளை மேசையில் வைத்தார். அழகான எழுத்தில் 404. கீழே எங்கள் தெரு.

"மக எழுதிக் குடுத்திச்சுங்க. செவ்வாக்கெழம பகல் பசறையில ஒரு கம்ப்யூட்டர் கடையில பாத்திச்சு. இந்த நம்பருக்கு எந்த மேசைக்குங்க போகணும்?"

மகளின் பெயரைக் கேட்டுப் பட்டியலைப் பார்த்தேன். இருந்தது. நேர்முகம் நேற்று முடிந்துவிட்டது. நிறுவனத்துக்கு டெலிபோன் எடுத்தேன். "இனி அடுத்த வருசம்தான்" என்றார்கள். கெஞ்சிப் பார்த்தேன், வைத்துவிட்டார்கள்.

பெரியவரிடம் உள்ளதைச் சொன்னேன். பெயர் இருந்தது, பக்கத்தை நான்தான் இடம் மாற்றினேன், தப்பு என்னுடையது என்று. அவர் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி. படிச்சவங்க நீங்க, உங்க தப்பா இருக்காது. நம்ம புள்ளதான் ஒழுங்காப் பாத்திருக்காது. அதுக்கு எதுலயும் அவசரம். வீட்டுக்குப் போயி ரெண்டு குடுத்தாத்தான் சரிவரும்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு அழுகையோ கோபமோ வரவில்லை. கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

அன்று பகல் முழுவதும் அந்த இல்லாத பக்கத்தைத்தான் செய்தேன். முதலில் இலக்கத்தை எடுத்தேன். 'மன்னிக்கவும்' என்று எழுதிப் பார்த்துவிட்டு அதையும் எடுத்தேன். பட்டியலைத் தேடி வந்தவருக்கு மன்னிப்பை வைத்து என்ன செய்ய? 'நீங்கள் சரியாகத்தான் வந்தீர்கள். பக்கத்தை நாங்கள் இடம் மாற்றிவிட்டோம்' என்று முதல் வரி. அதன் கீழே, பட்டியல் இருக்கும் இடத்துக்குப் போக ஒரு பெரிய பொத்தான். அதற்கும் கீழே, எங்கள் டெலிபோன் இலக்கம். பசறைக் கடைகளின் பழைய கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், அடியில் இருந்த விலாசத்தைப் போலவே இந்த எழுத்துகளையும் படமாக்கிப் போட்டேன். படம் பெரிதானால் அந்த லைனில் வந்து சேராது. குறைத்துக் குறைத்து, வாசிக்க முடிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன்.

முதலாளி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இல்லாத பக்கத்துக்கு என்னத்துக்குத் தம்பி இவ்வளவு சோடிப்பு? அதோட, ஆர் மாத்தினது எண்டு சனம் கேட்டதே? அந்த வரியை எடும்."

"இருக்கட்டுமே அண்ணே."

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

பழைய விலாசத்துக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்குத் தானாகவே கொண்டுபோய் விடும் ஒரு வரியையும் எழுதினேன். ஒரே ஒரு வரி. திங்கட்கிழமையே எழுதியிருக்கலாம்.

தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு ஒன்று உண்டு. எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போனார்கள் என்று எண்ணுவதற்காகத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை பகலில் வந்திருந்தது ஒரே இடத்திலிருந்துதான்; அங்கிருந்து அந்தப் பழைய விலாசம் ஆறு தடவை கேட்கப்பட்டிருந்தது. முதல் இரண்டும் உடனுக்குடன். பிறகு இடைவெளி விட்டு விட்டு. ஐந்தாவதில் ஓர் எழுத்தை மாற்றிப் பார்த்திருந்தது. ஆறாவதில் திரும்பவும் சரியாக.

பிள்ளை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். விசாரித்து அந்த லயத்தைக் கண்டுபிடித்தேன். பெரியவர் பதறிப்போய், "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கதிரை போட்டார். அந்தப் பிள்ளை பீலித் தண்ணீரில் சட்டி கழுவிக்கொண்டிருந்தது. தகப்பன் கூப்பிட, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. பதிவைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பெரியவரிடம் நீட்டினேன்.

"உங்க மக ஆறு தடவ பாத்திருக்குங்க. நேரம் எல்லாம் இதுல இருக்கு. ஒரு தப்பும் அது பண்ணல."

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மரியாதையாகப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஆறு தடவயா? சொல்லவே இல்லையே நீ."

"சொன்னேன்ப்பா. நீங்கதான் கேக்கல."

அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பியது.

"ஏழாவது தடவ பாத்திருந்தா வந்திருக்குமாங்க?"

"வந்திருக்காது."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நூறு தடவ பாத்தாலும் வந்திருக்காது."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சட்டிகளைக் கழுவப் போனது.